ஏமாற்றம்

“இருபத்தாறு வருஷமா பிரெஞ்சு கைடா இருக்கீங்க. உங்களப் பத்தி இப்படி ஒரு வார்த்தை வரலாமா சார்?”

சந்தியா மடிக்கணினியை அவர் பக்கம் திருப்பி வைத்தாள். அந்தச் சுற்றுலா நிறுவனத்தின் காஞ்சிபுரம் கிளைக்கு அவள் மேலாளராக வந்து ஆறு மாதம்தான் ஆகிறது.

எதிரே காசிநாதன் கழுத்து வேர்வையைத் துடைத்துக்கொண்டிருந்தார். காலையிலிருந்து கைலாசநாதர் கோவில், வரதராஜர் கோவில் என்று இரண்டு குழுக்களோடு சுற்றியதில் கால் வீங்கியிருந்தது. மேஜைக்கு அடியில் செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார்.

திரையில் இருந்தது கிளேர் என்ற பிரெஞ்சுப் பெண்மணி ஊர் திரும்பியதும் ஆங்கிலத்தில் அனுப்பிய மடல். ஒரு வரிக்கு மட்டும் மஞ்சள் அடித்திருந்தார்கள். ‘உங்கள் கைடு கூட்டிப்போன கடையில் வாங்கிய பட்டுப்புடவை ஒரு பெரிய டிசெப்ஷன்.’

“டிசெப்ஷன்னா மோசடி. உங்க பேரையே கைடு லிஸ்ட்லேர்ந்து எடுக்கச் சொல்லி ஹெட் ஆபீஸ்ல சொல்லிட்டாங்க.”

காசிநாதன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். மறுபடியும் ஒருமுறை படித்தார்.

“அந்தம்மா அப்படி எழுதலமா.”

“கண்ணு முன்னாடி இருக்குது சார்!”

“எழுத்து இங்கிலீஷு. நெனப்பு பிரெஞ்சு.” பேருந்தில் மைக் பிடித்துப் பேசிப் பேசித் தேய்ந்த குரல் அவருக்கு. “லத்தீன்ல அந்த வார்த்தைக்கு ஏமாத்துறதுன்னுதான் அர்த்தம். இங்கிலீஷ்காரன் அத அப்படியே வெச்சிக்கினான். பிரெஞ்சுக்குப் போனது மாறிப்போச்சு. ஒண்ண நெனச்சிக்கினு போயி அது நடக்கலன்னா மனசு கஷ்டப்படுமே, அதுக்குப் பேருதான் அங்க தெசெப்சியோன். ஸ்பெயின்லயும் போர்ச்சுகல்லயும்கூட அப்படித்தான்.”

“ஒரே வார்த்தை ஊருக்கு ஊர் மாறுமா?”

“நம்மகிட்டயே இல்லியா? ஏமாத்துனான்னா அது திருட்டுத்தனம். ஏமாற்றம்னா மனசு ஒடையறது. வேர் ஒண்ணுதானே?”

சந்தியா கைப்பேசியில் அகராதியைத் தேடிப் பார்த்தாள். அவள் முகம் மெல்லத் தெளிந்தது.

“அய்யோ, நான் பாட்டுக்கு உங்களக் கேட்டுட்டேன். சாரி சார். அப்போ புடவைல தப்பு ஒண்ணும் இல்ல, இல்லியா?”

“கொஞ்சம் தண்ணி குடுங்கமா” என்றார் காசிநாதன்.

அவர் குடித்து முடிப்பதற்குள் சந்தியா தலைமை அலுவலகத்துக்கு எழுதிவிட்டாள். கிளேருக்கும் ஒரு மடல் போட்டாள். ‘உங்களுக்கு என்ன ஏமாற்றம் என்று தெரிந்துகொள்ள விரும்புகிறோம். உங்கள் மொழியிலேயே தாராளமாக எழுதலாம்.’

மறுநாள் மதியம் பதில் வந்திருந்தது. நீளமான பிரெஞ்சு மடல். வைகுண்டப் பெருமாள் கோவிலில் இருந்த காசிநாதனை வரவழைத்தாள்.

“நீங்களே படிச்சிச் சொல்லுங்க சார். நானாப் படிச்சுப் புரிஞ்சிக்கினது போதும்.”

அவர் நின்றபடியே ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னார்.

“‘அன்புள்ள சந்தியா, உங்கள் கைடு மேல் எனக்கு எந்தக் குறையும் இல்லை. என் ஆங்கிலம்தான் மோசம். அவரிடம் நான் மன்னிப்புக் கேட்டதாகச் சொல்லுங்கள்.’”

சந்தியா மேஜையைத் தட்டினாள். “முடிஞ்சிது சார்! இதுக்கு மேல எவன் என்ன பேசுவான்?”

“இன்னும் இருக்குதுமா.”

அவர் தொடர்ந்தார். “‘அந்தப் புடவையை என் அம்மாவுக்காக வாங்கினேன். லியோன் நகரத்துப் பட்டு ஆலையில் முப்பது வருடம் வேலை பார்த்தவள். இப்போது கண் தெரியாது. ஆனாலும் எந்தத் துணியையும் தொட்டுப் பார்த்தே சொல்லிவிடுவாள். புடவையை மடியில் வைத்தேன். ஒரே ஒருமுறை தடவிப் பார்த்து, இது பட்டு இல்லை என்று தள்ளிவிட்டாள்.’”

காசிநாதன் நிறுத்தினார். அடுத்த வரிக்கு வர அவருக்கு வெகுநேரம் ஆயிற்று.

“‘காஞ்சிபுரத்துப் பட்டே அவளுக்கு அடையாளம் தெரியவில்லை. அவளிடம் மிச்சம் இருந்தது அந்த விரல்களின் நினைவு ஒன்றுதான். அதுவும் போய்விட்டது. இனி அவளைத் தனியாக விட எனக்குப் பயமாக இருக்கிறது. திங்கட்கிழமை முதியோர் இல்லத்தில் சேர்க்கப் போகிறேன். எனக்குப் புத்தி கெடவில்லை, வீட்டை விட்டு அனுப்பாதே என்று அழுகிறாள். என் ஏமாற்றம் அதுதான்.’”



“பாவம்” என்றாள் சந்தியா. “வயசானா என்ன பண்றது? சரி சார், இத அப்படியே ஹெட் ஆபீசுக்கு அனுப்பிடறேன். இனி உங்க பேர லிஸ்ட்லேர்ந்து எடுக்க மாட்டாங்க.”

காசிநாதன் நாற்காலியை இழுத்து உட்கார்ந்தார். முகத்தை இரண்டு கைகளாலும் அழுத்தித் துடைத்துக்கொண்டார்.

“இன்னிக்கு என்னா கிழமைமா?”

“வெள்ளி. ஏன் சார்?”

“அப்போ நேரம் இருக்குது. ஹெட் ஆபீசு கெடக்கட்டும். மொதல்ல அந்தம்மாவுக்குப் பதில் போடுங்க.”

“என்னன்னு போட?”

கழுத்தில் தொங்கிய கைடு அட்டையைக் கழற்றி அவள் முன்னால் வைத்தார்.

“அந்த ஆயா சரியாத்தான் சொல்லிருக்குது. அது பட்டு இல்ல.”