பாரத்தோடு ஒரு ஜெபம்

புளோரா அக்கா யாரைப் பற்றியும் புறம் பேச மாட்டாள், ஜெபிப்பாள். வெள்ளிக்கிழமை வீட்டுக்கூட்டத்தில் பெண்கள் முக்காடு போட்டு வட்டமாக மண்டியிட்டிருக்க, அன்றைக்கு அவள் பாரத்தோடு ஜெபித்தது பக்கத்திலேயே இருந்த சற்குணத்துக்காக. "அன்பின் ஆண்டவரே, நம்ம சற்குணத்தோட மக கண்டக்டர் பயலோட ஓடிப்போனாளே, அவள மன்னியும். இப்ப நாலு மாசம்னு சொல்லுதாங்க, நீர் அறிவீர்." கர்த்தர் அறிந்தால் போதுமா, தெரு அறிய வேண்டாமா? கண்ணை மூடிய பெண்கள் காதைத் தீட்டிக்கொண்டு "ஸ்தோத்திரம், ஸ்தோத்திரம்" என்று உருகினார்கள். பிறரை நேசிப்பதில் அவர்களை மிஞ்ச ஆளில்லை.

அடுத்து சற்குணத்தின் முறை. புளோரா அக்காவின் மகன் பைக் திருடி மாட்டிக்கொண்டு போலீஸ் ஸ்டேஷனில் ஜட்டியோடு உட்கார்ந்திருந்ததை அந்தத் தெருவில் பார்த்தவள் அவள் ஒருத்திதான். அது புளோரா அக்காவுக்கும் தெரியும். வார்த்தை சற்குணத்தின் நுனிநாக்கில் வந்து நின்றது. தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"ஆண்டவரே, புளோரா அக்கா பிள்ளைக்கு நல்ல சுகம் கொடும். ஆமென்."

புளோரா அக்கா மட்டும் ஒற்றைக் கண்ணைத் திறந்து பார்த்தாள். மற்றவர்கள் யாரும் ஆமென் சொல்லவில்லை. மிச்சம் வருமென்று கண்ணை மூடியபடியே காத்திருந்தார்கள்.