நாலு வீட்டுச் சாவி

கிட்ட வந்து இருங்க, கண்ணுகளா. அடுப்பில் உலை வைத்திருக்கிறேன். அது கொதிப்பதற்குள் முடிந்துவிடுகிற கதைதான். கடியப்பட்டணத்தில் கல்லும் சிமெண்டும் இல்லாமல் பாலம் கட்டிய சிஜோவின் கதை.

"நீரு அமுக்கியிருந்தா இங்க காட்டணும் ஓய். காட்டல்லியே. எங்க நிக்கீரு?"

போனில் இப்படிக் கேட்டுக்கொண்டு நின்றான் சிஜோ. மறுமுனையில் கிளீட்டஸ். துறைமுகத்தில் ஐஸ் ஏற்றிக்கொண்டிருக்கிறேன், கை விறைத்துப்போச்சு, இதோ அமுக்குகிறேன் என்றார். அந்த 'இதோ'வைக் காலையிலிருந்தே கேட்டுக் கேட்டுச் சிஜோவுக்குத் தலை கொதித்தது.

கொதிக்காதா? குவைத்தில் கம்ப்யூட்டர் வேலையை விட்டுவிட்டு வந்து செய்கிற காரியம். பிளாக்செயின் என்று சொல்கிறார்களே, அது ஒன்றல்ல, பல. ஒன்றில் இருக்கிற காசு மற்றதற்குள் தானாகப் போகாது. இந்தக் கரையில் பூட்டிவைத்து, அந்தக் கரையில் திறந்துகொடுக்க ஒரு பாலம் வேண்டும். பாலத்தின் சாவி ஒருவனிடமே இருந்தால், அவன் மனசு கெட்ட அன்றைக்கு எல்லாம் போச்சு. அதனால்தான் சிஜோ தன்னோடு மூன்று பேரைச் சேர்த்தான். துறைமுகத்து கிளீட்டஸ், கொட்டாரத்தில் ஆணியும் கம்பியும் விற்கிற ராஜகுமார், வடசேரி சந்தையில் காய்கறி மொத்த வியாபாரம் செய்கிற அஸ்வதி. ஆளுக்கொரு பழைய போன், அதுதான் சாவி. நாலும் நாலு வீட்டில் இருக்க வேண்டும். நாலு பேரும் அமுக்கினால்தான் பூட்டு திறக்கும். கிடைக்கிற கூலியில் நாலு பேருக்கும் பங்கு.

"வெளியூர் போகும்போ வீட்டுச் சாவிய அடுத்த வீட்ல குடுத்துட்டுப் போற புத்தி நம்ம ஆளுகளுக்கு உண்டு. இதயும் அப்பிடிக் குடுத்துராதீங்க" என்று சொல்லி, அவரவர் சாமி மேல் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் போனைக் கொடுத்தான். அதோடு விட்டானா? பத்திரமா, சார்ஜ் இருக்கா, யார் கையிலும் படவில்லையே என்று சாப்பிடுகிற நேரம் தூங்குகிற நேரம் பார்க்காமல் கூப்பிட்டுக் கேட்டுக்கொண்டே இருந்தான்.

அவன் மனைவி சிந்தியாவும் கேட்டுப் பார்த்தாள், என்னையும் ஒரு பங்காகச் சேருங்களேன் என்று.

"ஒரு வீட்ல ரெண்டு சாவி இருந்தா அது பாலமே இல்லட்டி. ஒனக்கு மீனு போதும்" என்றுவிட்டான்.

போனில் ஆர்டர் வாங்கி மீன் விற்கிறவள் அவள். கொட்டாரம், வடசேரி வரைக்கும் வாடிக்கை. சாளை மீன் கழுவப் போய்விட்டாள்.

இன்றைக்குச் சோதனை நாள். பெரிய பாலம் ஒன்றை ஓட்டுகிறவர்கள் இந்த நாலு பேரையும் கூட்டுச் சேர்க்கலாமா என்று பார்க்கப் பெங்களூரிலிருந்து ஒரு அம்மா லேப்டாப் திரையில் வந்து உட்கார்ந்திருந்தார். தேறினால் சிஜோ ஊரோடு இருக்கலாம். தோற்றால் மறுபடி குவைத் விமானம்.

தன் போனை அவன் அமுக்கியாயிற்று. மற்ற மூன்றும் வரவில்லை. ராஜகுமாரைக் கூப்பிட்டால் ஆணி நிறுத்துக்கொண்டிருந்தார். அஸ்வதியைக் கூப்பிட்டால், "அண்ணா, நான் தக்காளிப் பெட்டிக்க மேல நிக்கேன், எறங்க விடுங்க" என்றாள்.

இது போதாதென்று, அவன் ஒரு போனை வைத்ததும் அடுக்களையில் சிந்தியாவின் போன் அடிக்கும். "செரி, வைங்க, நான் பாத்துக்கிடுகேன்" என்பாள். அடுத்ததை வைத்தால் மறுபடி அடிக்கும். சிஜோவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏட்டி, அந்த மீன் கச்சவடத்தக் கொஞ்சம் நிறுத்தி வையி. இங்க எனக்க பொழப்பு தொங்கிட்டு நிக்கி."

"ஆளு விளிச்சா எடுக்காண்டாமா?" என்றாள் உள்ளேயிருந்து.

கிளீட்டஸின் அமுக்கல் வந்தது. சற்றுக் கழித்து ராஜகுமாருடையதும் வந்தது. அஸ்வதியுடையதுதான் வரவே இல்லை. மறுபடி கூப்பிட்டுக் கத்தினான். அமுக்கியாச்சே அண்ணா, இன்னுமா வரல்ல என்று அவளே ஆச்சரியப்பட்டாள். அடுக்களையில் போன் அடித்தது. சிஜோ பல்லைக் கடித்தான். ஒருவழியாக நாலாவதும் வந்து பூட்டு திறந்தது.

அந்த அம்மாவுக்கு ரொம்ப சந்தோஷம். ஐஸ், ஆணி, தக்காளி என்று ஆளுக்கொரு பாடு கிடக்கும்போதும் நாலு இடத்திலிருந்து நாலு கை வந்து சேர்ந்ததே, கூட்டாக ஓட்டுவது என்றால் இதுதான் என்றார். கடைசியாக ஒரு சடங்கு மட்டும் பாக்கி. வீட்டில் வேறு சாவி எதுவும் இல்லை என்று உறுதிப்படுத்த எல்லாரிடமும் கேட்பதுதான், கேமராவை ஒரு சுற்றுச் சுற்றிக் காட்டிவிடுங்கள் என்றார்.

"ஒரு வீட்டுக்கு ஒரு சாவின்னு சட்டம் போட்டவனே நான்தான் மேடம்."

லேப்டாப்பை ஏந்திக்கொண்டு முன்னறையைக் காட்டினான். படுக்கையறையைக் காட்டினான். அதே பெருமையோடு அடுக்களைக்குள் நுழைந்தான்.

அரிசிப் பானையின் முன்னால் குந்தியிருந்த சிந்தியா, திரும்பிப் பார்க்காமலே ஒவ்வொரு போனாகப் பானைக்குள் பதித்துக்கொண்டு சொன்னாள்: "ஏன் வந்து நிக்கிய? மூணும் அமுக்கியாச்சு. கிளீட்டஸ் அண்ணனுக்கது, ராஜகுமார் அண்ணனுக்கது எல்லாம் செரி. அஸ்வதிக்கதுலதான் சார்ஜ் இல்லாம பிந்திப்போச்சு. பாவம், உங்க தொல்ல தாங்காம, மீன் வாங்க வந்த அன்னைக்கே தந்துட்டுப் போனதுக."

உலை கொதித்துவிட்டது, கண்ணுகளா. எழுந்து போங்க. உங்க வீட்டுப் பானை என்றைக்கும் நிறைந்திருக்கட்டும். அதில் அரிசி மட்டுமே இருக்கட்டும்.