அடி எங்கே விழுந்தது?

"சின்னத் தோட்டா வேண்டாம்டா. காத்து அப்படியே தள்ளிக்கிட்டுப் போயிடும்" என்றார் வெர்ன்.

துப்பாக்கிக் கடை மேசையில் இரண்டு தோட்டாக்கள் நின்றன. காபிக் கோப்பையும் கையுமாக நின்றிருந்த ஆர்லன் இரண்டையும் மாறி மாறிப் பார்த்தார்.

கடைக்காரர் ராண்டி சின்னதை முன்னால் தள்ளினார். "இதை எடுத்துக்கங்கண்ணே. சுடும்போது துப்பாக்கி தோளை உதைக்கவே உதைக்காது. துப்பாக்கி மேல பன்னிரண்டு மடங்கு பெருசாக் காட்டற ஸ்கோப் போட்டா, சுட்ட பிறகும் குறி கண்ணை விட்டு நகராது. அடி எங்க விழுந்துச்சுன்னு நீங்களே பாத்துக்கலாம்."

"அதுக்குத்தான் நான் இருக்கேனே!" வெர்னுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. "நாப்பது வருஷமா அவன் சுடறான், நான் பாத்துச் சொல்றேன். பெரிய தோட்டாவையே குடு. ஸ்கோப்பும் இருபத்தஞ்சு மடங்கு இருக்கட்டும்."

"அதுல சுட்டா உதைக்கிற உதையில வானம்தான் தெரியும். மறுபடி குறியைத் தேடிப் பிடிக்கறதுக்குள்ள புல்வெளி நாய் பொந்துக்குள்ள போயிருக்கும்."

"நீ கடைக்குள்ள உக்காந்து பேசு ராண்டி. தெற்கு டகோட்டாக் காத்துல வந்து படுத்துச் சுட்டுப் பாரு, தெரியும்."

ஆர்லனின் மேய்ச்சல் நிலம் முழுக்கப் புல்வெளி நாய்கள். பேருக்குத்தான் நாய், ஆள் என்னவோ கொழுத்த அணில்தான். புல்லை மொட்டையடித்து, மாட்டுக் கால் ஒடிகிற மாதிரி பொந்து தோண்டி வைக்கும். வருஷா வருஷம் தூரத்தில் படுத்துச் சுட்டுக் குறைத்தால்தான் மாடு பிழைக்கும். அப்படிச் சுடுவதில் அந்த வட்டாரத்திலேயே ஆர்லனை மிஞ்ச ஆளில்லை. போன வருஷம்வரை.

"கோளாறு தோட்டாவுல இல்ல ராண்டி, என் கையிலதான்" என்றார் ஆர்லன். "எங்கப்பாவுக்குக் கைநடுக்க நோய் வந்தப்பவும் முதல்ல குறிதான் தப்புச்சு. அப்புறம் ஸ்பூன் பிடிக்க முடியல, அம்மாதான் ஊட்டி விட்டாங்க. அவர் படுக்கையில கிடந்தப்போ மாடெல்லாம் பனியில விறைச்சுச் செத்துச்சு."

"காபி ஒரு சொட்டு அலுங்கலையேண்ணே. டாக்டர்கிட்டக் காட்டினீங்களா?"

"காட்டினேன். இப்பவே ஒண்ணும் சொல்ல முடியாதுங்கறார். வெளியில தெரியற வரைக்கும் காத்திருந்தா, எங்கப்பா கதைதான் எனக்கும்."

கடைசியில் பெரிய தோட்டாவும் இருபத்தைந்து மடங்கு ஸ்கோப்பும்தான் வண்டியேறின. வெர்ன் பேச்சை ஆர்லன் என்றைக்குத் தட்டியிருக்கிறார்?

வெர்னின் வண்டி வெகுநாளாக ரிப்பேர். மனைவி போன பிறகு தனிக்கட்டை. ஆர்லனோடு சுடப்போவது ஒன்றுதான் அவருக்கு மிச்சமிருந்த சந்தோஷம். வீட்டில் இறக்கிவிடும்போது ஆர்லன் சொன்னார்: "இதுலயும் குறி தப்புச்சுன்னா பண்ணையை வித்துடப் போறேன்டா. மாடுங்களைச் சாகவிட எனக்குத் தெம்பில்ல."

வெர்ன் கதவைத் தடவித் திறந்து இறங்கி, வேலியைத் தொட்டுக்கொண்டே வீட்டுக்குள் போனார்.

கோடை முழுக்கச் சுட்டார்கள். ஆர்லன் வண்டி நிழலில் படுத்து விசையை இழுப்பார். துப்பாக்கி எகிறும். ஸ்கோப்பில் மறுபடி கண் வைப்பதற்குள் மண்மேடு காலியாகக் கிடக்கும். பக்கத்தில் முக்காலித் தொலைநோக்கியில் கண் பதித்திருக்கும் வெர்ன்தான் தீர்ப்புச் சொல்வார்.

"தப்பிச்சுடுச்சு. வலப்பக்கம், ரெண்டு சாண்."

ஆர்லன் அதற்கேற்ப இடப்பக்கம் தள்ளிச் சுடுவார்.

"இப்ப ரொம்ப இடப்பக்கம் போயிடுச்சுடா."

ஒருநாள் ஆர்லனுக்குப் பொறுக்கவில்லை. "ஒரே ஒரு தடவையாவது பட்டுச்சுன்னு சொல்லேன்டா!" என்று கத்தினார்.

"படாததைப் பட்டுச்சுன்னு எப்படிடா சொல்றது?" என்றார் வெர்ன். "தோட்டாவை மாத்திப் பாக்கலாமா?"

"கையை மாத்த முடியுமாடா?" என்று கேட்டுவிட்டு, ஆர்லன் புல்லில் முகம் புதைத்து அழுதார். வெர்ன் அவர் முதுகில் கை வைத்தபடி உட்கார்ந்திருந்தார்.

இலையுதிர்காலம் வந்தபோது பண்ணை கைமாறிவிட்டது. தாத்தா காலத்து நிலம், கையெழுத்துப் போட்ட அரைமணியில் இன்னொருவருடையதாகிப் போனது. மாடுகளை லாரியில் ஏற்றிய அன்று ஆர்லன் சாப்பிடவே இல்லை. மறுநாள் மகள் வந்து நகரத்துக்கு அழைத்துப்போவதாக ஏற்பாடு. அவள் வீட்டுப் பின்னறையில் கட்டில் போட்டாயிற்றாம்.

"கடைசியா ஒண்ணே ஒண்ணு சுட்டுக்கறேன், வாடா" என்று வெர்னைக் கூட்டிவந்தார். புது முதலாளியிடம் கேட்டு வாங்கிய அனுமதி.

வழக்கமான இடத்தில் ஆர்லன் படுத்தார். வெர்ன் தொலைநோக்கியை நிறுத்திவிட்டுப் பக்கத்தில் குந்தினார். தூரத்து மண்மேட்டில் கொழுத்த அணில் ஒன்று நிமிர்ந்து நின்றது. ஆர்லன் மூச்சைப் பிடித்து விசையை இழுத்தார்.

எப்போதும் போல அவர் ஸ்கோப்பில் மறுபடி கண் வைக்கவில்லை. பட்டால் என்ன, படாவிட்டால் என்ன? இந்தக் கோலத்தில் இனி நண்பனைப் பார்க்கப்போவதில்லையே என்று வெர்ன் பக்கம் திரும்பினார்.

வெர்ன் தொலைநோக்கியில் கண்ணை அழுத்தி வைத்துக்கொண்டு, உதட்டைப் பிதுக்கினார். "தப்பிச்சுடுச்சுடா. கீழ, இடப்பக்கம். ஒரு சாண் இருக்கும்."

"நல்லாப் பாத்தியாடா?"

"தெள்ளத் தெளிவாப் பாத்தேன்."

தொலைநோக்கியின் முன்கண்ணாடியில், தூசி படாமலிருக்கப் போடும் கறுப்பு மூடி கழற்றப்படாமல் அப்படியே இருந்தது.