பத்து மீன்

"கையை எடு!"

அதிகாரியம்மா போட்ட சத்தத்தில் கூட்டுகிற அக்கா சட்டென்று திரும்பினாள். ஒரு கை மீன் தொட்டிக்குள். இன்னொரு கையில் மூடி போட்ட டிபன் டப்பா.

சாக்கடைத் தண்ணீரைச் சுத்தம் பண்ணி ஆற்றில் விடுகிற நகராட்சி நிலையம் அது. சுத்தம் பண்ணிய தண்ணீரில் பத்து மீனை விட்டு, நாலாம் நாள் எண்ணுவார்கள். குறைந்தது ஒன்பது உயிரோடு இருந்தால்தான் ஆற்றில் விடக் கையெழுத்து. இன்று நாலாம் நாள். எண்ண வேண்டிய அதிகாரியம்மா அரைமணி முன்னாலேயே வந்துவிட்டாள்.

தொட்டியை எட்டிப் பார்த்தாள். ஏழு மீன் வயிற்றைக் காட்டிக்கொண்டு மிதந்தன. மூன்றுதான் நீந்தின.

மேனேஜர் ஓடி வந்தார்.

"ஐயையோ மேடம், காலையில பத்தும் துள்ளிக்கிட்டு இருந்துச்சு! அடிப்பாவி, என்னத்தை ஊத்தின?"

"நான் ஒண்ணும் ஊத்தலைங்க சார்."

"பின்ன, உள்ள கைய விட்டு மீனுக்குத் தலை சீவி விட்டியா? மேடம், இவளை இப்பவே வீட்டுக்கு அனுப்பிடறேன். புது மீன் விட்டு முதல்ல இருந்து பார்த்துக்கலாம்."

"சார், ரெண்டு பிள்ளை வச்சிருக்கேன். வேலையில கை வைக்காதீங்க சார்..."

"அந்த நெனப்பு மீனைக் கொல்லும்போது எங்க போச்சு?"

அதிகாரியம்மாவுக்கும் பற்றிக்கொண்டு வந்தது. புகார் எழுதப் பேனாவைத் திறந்தாள்.

"டப்பாவுல என்ன? மருந்தா?"

அக்கா டப்பாவை நெஞ்சோடு அணைத்துக்கொண்டாள்.

"குடு, நான் தூக்கிப் போடறேன்!" மேனேஜர் பிடுங்கப் பாய்ந்தார்.

"நில்லுங்க சார். நீ திறம்மா."

மூடி திறந்தது. உள்ளே தண்ணீர். தண்ணீரில் ஏழு மீன். அத்தனையும் உயிரோடு.

அதிகாரியம்மா விரல் விட்டு எண்ணினாள். தொட்டியைப் பார்த்து இன்னொரு தரம் எண்ணினாள்.

"நாம விட்டது பத்து. இங்க பதினேழு இருக்கே, எப்படி சார்?"

மேனேஜர் டப்பாவை மூடப் பார்த்தார்.

அக்காதான், தலை நிமிராமல், மெல்லச் சொன்னாள்.

"செத்த ஏழு மீனையும் குப்பையில கொட்டச் சொல்லிட்டு, கடையில வாங்கின ஏழு மீனை விட்டது சார்தாங்க. எனக்கு மனசு கேக்கலை மேடம். அந்த ஆத்துலதான் எங்க பிள்ளைங்க குளிக்குதுங்க. அதான், கடை மீனை எடுத்துட்டு, செத்ததையே திரும்பப் போட்டுக்கிட்டு இருந்தேன்."