ஒரு கொத்துக்கூட மிச்சமில்லாமல்

"ஒரு கொத்துக்கூட பந்தல்ல நிக்கக் கூடாது மாமா. இருட்டுறதுக்குள்ள முடிச்சிரணும்" என்றபடி கத்தரியும் கையுமாகத் திராட்சைப் பந்தலுக்குள் குனிந்து நுழைந்தார் உமர் பாருக். அவர் பின்னாலேயே உத்தமபாளையம் பள்ளிவாசல் தெருக்காரர்கள் ஒரு கூட்டமாக நுழைந்தார்கள்.

தோட்டத்துக்குச் சொந்தக்காரரான பொன்னுராஜ் கும்பிட்டு வழிவிட்டார். முந்தின நாள் செல்போனில் வானிலைச் செய்தியைப் பார்த்ததிலிருந்து அவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. தேனிப் பக்கம் வெயில் இன்னும் கொளுத்தும், ஓரிரு நாளில் மலையோர ஊர்களில் கனமழை கொட்டும் என்று போட்டிருந்தார்கள்.

பழுத்து நிற்கும் பன்னீர் திராட்சையில் மழை விழுந்தால் பழம் வெடித்து அழுகிவிடும். பட்ட பாடெல்லாம் மண்ணோடு மண்ணாகப் போகும். அக்கம்பக்கத்தில் எல்லாரும் வெட்டி முடித்துவிட்டார்கள். அவர் தோட்டம்தான் பின்தங்கிப் பழுத்தது. கூலிக்கு ஆள் தேடினால், விடியும் முன்பே அத்தனை பேரும் ஜீப் ஏறிக் கேரளத்து ஏலக்காய்த் தோட்டங்களுக்குப் போய்விடுகிறார்கள். டீக்கடையில் அவர் புலம்பியதைப் பக்கத்துத் தோப்புக்காரர் உமர் கேட்டுக்கொண்டு இருந்தார். அவ்வளவுதான். காலையில் தெருவையே கூட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

இத்தனைக்கும் வந்தவர்களுக்கு அவரவர் பாடே பெரும்பாடு. கிணறுகள் வற்றிக் கிடந்தன. உமருடைய தென்னைகள்கூட மட்டை தொங்கி நின்றன. இருந்தும் ஒருவர் முகத்திலும் சலிப்பு இல்லை. உமரின் மனைவி லத்திபா பெண்களோடு உட்கார்ந்து பெட்டிகளில் பழம் அடுக்கினார். பொன்னுராஜின் மனைவி சங்கிலியம்மாளுக்கு மோர் கொடுத்து மாளவில்லை.

உச்சி வெயிலில் செல்போன் சிணுங்கியது. மேகம் வேறு பக்கம் நகர்ந்துவிட்டதாம். அந்த வாரம் முழுக்க மழைக்கு வாய்ப்பே இல்லையாம், வெயில் மட்டும்தானாம். பொன்னுராஜுக்கு உயிர் திரும்பி வந்தது. ஓட்டமும் நடையுமாகப் போய் உமரிடம் காட்டினார்.

"மழை விலகிப் போயிருச்சு மாப்ள. பாவம், எல்லாரையும் வீட்டுக்கு அனுப்பு. மிச்சத்த நாங்களே மெதுவா வெட்டிக்கிறோம்."

உமர் செல்போனை ஒரு நிமிஷம் உற்றுப் பார்த்தார். "அது சொல்றதச் சொல்லட்டும் மாமா. நீங்க அந்தப் பெட்டிய இங்கன தள்ளுங்க" என்று சொல்லிவிட்டு, முன்னைவிட வேகமாக வெட்ட ஆரம்பித்தார்.

லத்திபாவிடம் சொல்லிப் பார்த்தார் பொன்னுராஜ். அவரும் சிரித்தாரே தவிர, கை நிற்கவில்லை. ஒருவேளை வியாபாரியிடம் எதுவும் பேசி வைத்திருப்பார்களோ என்று ஒரு சின்னச் சந்தேகம் அவருக்குள் எட்டிப் பார்த்தது. சீ, வெயிலில் வந்து வேகிற மனுஷர்களைப் போய் இப்படி நினைத்தோமே என்று தன்னையே திட்டிக்கொண்டார்.

பொழுது சாயும்போது கடைசிப் பெட்டியும் லாரியில் ஏறியது. பந்தலில் இலையும் கொடியும்தான் இருந்தன. பொன்னுராஜ் உமரின் கைகளைப் பிடித்துக்கொண்டார். கண் கலங்கிவிட்டது.

"பெத்த பிள்ளைகளாட்டம் வந்து நின்னீக. இதுக்கு நான் என்ன செஞ்சாலும் ஈடாகாது. ஆனா ஒண்ணு மட்டும் வெளங்கல மாப்ள. மழைதான் இல்லன்னு ஆயிருச்சே, அப்புறமும் எதுக்கு இம்புட்டு அவசரம்?"

உமர் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு, கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்:

"நாளைக்குக் காலையில திடல்ல எல்லாரும் கூடி மழைக்காகத் தொழப்போறோம் மாமா. போன வெள்ளிக்கிழமையே தொழுதிருக்கணும். ஒங்க பழம் பந்தல்ல நிக்கிறப்ப எப்படி மழை கேட்டுக் கையேந்துறதுன்னு ஜமாத்துலதான் தள்ளி வச்சாக."