தேவதாரு மேசை

தேவதாரு மேசையின் மேல் ஈரத் தம்ளர் வைத்த வட்டத்தைப் பார்த்ததும் தணிகாசலம் மனைவி மரகதவல்லியின் கூந்தலைப் பிடித்து, அவள் நெற்றியை அந்த வட்டத்தின் மேலேயே மோதினான். புருவம் கிழிந்து ரத்தம் கொட்டியது. "ஐயோ, ஊறிடுமே" என்று பதறி ஓடிப்போய்த் துணி கொண்டுவந்தான். துணி மேசைக்கு. முந்தானையால் நெற்றியை அழுத்திக்கொண்டு அவள் தரையில் உட்கார்ந்து பார்த்தாள். ரத்தத்தைத் துடைக்காமல் ஒற்றி எடுத்தான். துடைத்தால் கறை மரத்துக்குள் இறங்கிவிடுமாம். பிறகு உப்புத்தாளால் மரத்தின் ரேகை ஓடும் பக்கமாகவே மெல்ல மெல்லத் தேய்த்தான். குழந்தையின் கண்ணில் விழுந்த தூசியை ஊதுவதுபோல மரத்தூளை ஊதினான். எண்ணெய் தொட்ட விரல்களால் நீவிவிட்டான். பழைய மரம் புதிதாக மணந்தது. இந்தக் கைக்கு இவ்வளவு மெதுவாகத் தொடத் தெரியும் என்பது அவளுக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. அடி வாங்கியபோதெல்லாம் வராத ஆத்திரம் அப்போது வந்தது. கொல்லைக்குப் போய், விறகு பிளக்கும் கோடாலியோடு திரும்பினாள். முதல் வெட்டில் மேசையின் விளிம்பு பெயர்ந்து சுவரோரம் போய் விழுந்தது. இரண்டாவதில் ஒரு கால் முறிந்து மேசை சாய்ந்தது. அவன் அவளைத் தடுக்க வரவில்லை. மேசையின் மேல் குப்புற விழுந்து, இரண்டு கைகளாலும் அதைக் கட்டிக்கொண்டு அழுதான்.

"மரகதம், இதை விட்டுடு. வேணும்னா என்னை வெட்டு."

ஓங்கிய கோடாலி ஓங்கியபடியே நின்றது. கல்யாணமான நாளிலிருந்து அவன் அவளிடம் கெஞ்சிக் கேட்டது இது ஒன்றுதான்.