ஆட்சேபப் பெட்டி

“அய்யே! இந்த வயசுல உங்களுக்கு இது தேவையா அம்மா?” என்று கேட்டே விட்டான் சிஜு.

பாறசாலையில் அவன் கம்ப்யூட்டர் கடைக்கு மாஸ்க்கும் கறுப்புக் குடையுமாக வந்திருந்தாள் அந்த அம்மாள். அவள் சொல்லச் சொல்ல அவன் அடித்த மெயில் திரையில் நின்றது. பக்கத்து ஊர்ச் சபையில் நாளைக்கு மூன்றாவது தடவையாக ஓலை, அதாவது கல்யாண அறிவிப்பு, வாசிக்கப்போகும் கல்யாணத்துக்கு ஆட்சேபமாம். மாப்பிள்ளை அகிலுக்கு ஏற்கெனவே பெங்களூரில் ஒரு பெண்டாட்டியும் குழந்தையும் இருக்கிறார்களாம்.

ஓலை வாசிக்கும்போதே போதகர் கேட்பார், தடை ஏதாவது உண்டா என்று. சபை நடுவில் எழுந்து நிற்கத் தைரியம் இல்லாதவர்களுக்கென்று ஒரு மெயில் விலாசமும் உண்டு. இப்படி முகத்தை மூடிக்கொண்டு வருகிறவர்களுக்கு அது நல்ல வசதி.

சிஜு கீபோர்டிலிருந்து கையை எடுத்தான். “எங்க அக்காவுக்க முதல் கல்யாண ஆலோசன இதுமாதிரி பேரில்லாத ஒரு ஊமைக்கடிதத்துலதான் கலைஞ்சுது. எழுதினவன் இப்பமும் எங்க முன்னால சிரிச்சிட்டுத்தான் நடக்கான். த்தூ!”

“திட்டு மக்கா, நல்லா திட்டு. ஆனா அனுப்பதுக்கு முன்ன எனக்கு ஒண்ணு தெரியணும். இந்த மெயிலு யாருக்க கையில போய்ச் சேரும்?”

“போதகருக்குத்தான். சபைக்க மெயிலெல்லாம் நானாக்கும் போட்டுக் குடுத்தது.”

“அதுகொண்டாக்கும் உன்னத் தேடி வந்தேன். அந்தப் பெங்களூர்ப் பிள்ள ஏற்கெனவே இதுக்கு எழுதியிருக்கா. பதிலும் இல்ல, ஓலையும் நிக்கல்ல. நேத்து அவள போன்ல விளிச்சு, இன்னொருக்க அனுப்புன்னு சொன்னேன். அனுப்பியாச்சுன்னு அவ சொன்ன உடனே வீட்டுல அடுத்த முறியில டிங்குனு ஒரு சத்தம்.”

“மெயிலு வந்தா டிங்குன்னுதான் கேக்கும்” என்று எரிந்து விழுந்தான் சிஜு. வம்பும் போதாதென்று உளறல் வேறு.

“அனுப்பாமலே, அது எங்க போகும்னு பாக்க முடியுமா?”

முடியும். பார்த்துக் காட்டினால் சனியன் தொலையும் என்று, கட்டளை அடிக்கும் கறுப்பு ஜன்னலைத் திரையில் திறந்தான். சபையின் சர்வருக்குள் நுழைந்து ஒரே ஒரு வரி அடித்தான். கடிதம் எதுவும் போகாது. இந்த விலாசத்துக்கு வந்தால் கடைசியில் எந்தப் பெட்டியில் விழும் என்று மட்டும் அது சொல்லும்.

சொன்னது. சிஜு கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் அடித்தான். அதே பதில்தான் வந்தது.

போதகரின் பெட்டி இல்லை. சபைச் செயலாளர் சுவாமிதாஸின் சொந்தப் பெட்டி. மாப்பிள்ளை அகிலைப் பெற்ற அப்பா! பாஸ்வேர்டு அவரிடமும் ஒன்று உண்டு; விலாசத்தைத் தன் பெட்டிக்குத் திருப்பிவிட்டிருக்கிறார். மகனுக்கு எதிராக வருகிற ஆட்சேபத்தை மகனின் அப்பாவே வாங்கி விழுங்கிக்கொண்டு, ஞாயிற்றுக்கிழமை வெள்ளை வேட்டியில் முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார்.

“எலே... இப்படியும் ஒரு மனுஷனா!” சிஜுவுக்கு வாய் கசந்தது. பில் பணம் வாங்கப் போனபோது அவர் தோளில் தட்டி, ‘நம்ம சபையில ஆட்சேபம்னு ஒண்ணு வந்ததே இல்ல தம்பி’ என்று பெருமையடித்தது நினைவுக்கு வந்தது. எப்படி வரும்?

அந்த அம்மாள் ஆச்சரியப்படவே இல்லை. போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள். அகில், பக்கத்தில் ஒரு பெண், அவன் மடியில் குழந்தை, முன்னால் பிறந்தநாள் கேக்.

“ஜோஸ்னா. ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கெட்டினது. இதப் பாத்ததுலேருந்து எனக்கு ஒரு வாய் சோறு இறங்கல்ல மக்கா, ஓக்கானம் வருது. இதே முகத்த வச்சிட்டு அவன் லிஷாவுக்க கழுத்துல மின்னு கெட்டப் போறான். அந்தப் பிள்ளைக்கு அப்பன் இல்ல. விசாரிக்க ஆள் இல்லேன்னுதான் அவள பிடிச்சிருக்கினும்.”

சிஜு போதகரின் சொந்த விலாசத்தைத் தேடி எடுத்தான். அதையும் கறுப்பு ஜன்னலில் அடித்துப் பார்த்தான். நேராக அவர் பெட்டிக்கே போகிறது. நடுவில் யாரும் இல்லை.

“இது சரியா போய்ச் சேரும் அம்மா. ஆனா அடியில பேரு வேணும். பேரில்லாட்டா போதகரும் ஊமைக்கடிதம்னு தூக்கிப் போட்டுருவாரு. நாளைக்கு ஓலை வாசிச்சு முடிஞ்சா, லிஷாவுக்க வாழ்க்கையும் முடிஞ்சுது.”

அவள் தலையைக் குனிந்துகொண்டாள்.

“நீங்க லிஷாவுக்க சொந்தமா?”

“இல்ல.”

“அப்ப ஜோஸ்னாவுக்க அம்மையா?”

“அவளையும் நான் நேர்ல கண்டதில்ல.”

“பின்ன உங்களுக்கு என்ன நஷ்டம்? பேரச் சொல்லுங்க அம்மா, பேடிக்காதீங்க.”

அவள் மாஸ்க்கைக் கழற்றி மேஜைமேல் வைத்தாள்.

“ரத்னபாய் சுவாமிதாஸ்னு போடு மக்கா. அகிலப் பெத்தவளாக்கும்.”